ராத்திரி ஏறினால் காலையில் நியூயார்க்கா?

கேள்வி: சிங்கப்பூரில் மகன் வீட்டிலிருந்து நேரே நியூயார்க்கில் இருக்கும் மகளிடம் போகிறேன். டிக்கெட்டில் இரவு 11.55 புறப்பாடு, மறுநாள் காலை 6.35 வருகை என்று போட்டிருக்கிறது. ஏழு மணி நேரத்துக்குள் போய்விடுமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவ்வளவு சீக்கிரம் போனால் நானும் உங்களோடு வந்துவிடுவேன் அம்மா! இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். கோடைக்காலத்தில் நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூருக்கு 12 மணி நேரம் பின்னால் ஓடும். அதைக் கூட்டினால் 18 மணி 40 நிமிடம். குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணி நேரம்.

சாங்கியிலிருந்து ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் சுமார் 15,350 கி.மீ. வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை வைத்துப் பாருங்கள், அது ஏறக்குறைய வட துருவத்தின் மேலேயே போகும். ஆனால் விமானம் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்றைப் பிடித்துக்கொண்டு பசிபிக் பக்கமாகப் போகும். தூரம் கூடும், நேரம் மிச்சம். வேடிக்கை என்னவென்றால், திரும்பும்போதும் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கே பார்த்துத்தான் பெரும்பாலும் வரும். போய் வந்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிய கணக்கு!

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கென்றே பயன்படுத்தும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். இருக்கைகள் 161 மட்டுமே, சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலையை மட்டும் மகனிடம் கேட்டுவிடாதீர்கள்.