மேஜைமேல் புத்தகம்: இஸ் போதுமா, லை வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

ஆபீஸ் மெயிலில் 'ஐ கெப்ட் த பார்சல் ஆன் யுவர் டெஸ்க்' என்று எழுதினேன். லண்டன் கிளையில் இருப்பவர் 'புட்' என்று திருத்தினார். அதிலிருந்து ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று எழுதவே தயக்கம். புத்தகத்துக்கு லை, பாட்டிலுக்கு ஸ்டாண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் வினை தேட வேண்டுமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

தேட வேண்டாம். பாட்டில் நிற்கிறதா, புத்தகம் படுத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது ஜெர்மன் வழக்கம். ஆங்கிலத்தில் 'த புக் இஸ் ஆன் த டேபிள்' என்றால் வேலை முடிந்தது. சாவி மேஜைமேல் இருக்கிறது என்கிற நாமே துணி தரையில் கிடக்கிறது என்கிறோம் அல்லவா, அப்படிக் கிடக்கும்போது 'லையிங்' போடுங்கள். பார்சலை ஒரு வாரமாக யாரும் வாங்கிப் போகவில்லையென்றால் அது போஸ்ட் ஆபீஸில் 'சிட்டிங்'. ஊருக்கும் சிலைக்கும் 'இங்' வேண்டாம்: ஊட்டி நீலகிரியில் 'லைஸ்', கன்னியாகுமரிப் பாறைமேல் 133 அடி வள்ளுவர் 'ஸ்டாண்ட்ஸ்'.

லை, லே குழப்பம் ஆங்கிலேயர்களுக்கே உண்டு. லை என்பதன் இறந்தகாலம் லே. கீழே வைப்பதைச் சொல்லும் லே வேறு வினை, அதன் இறந்தகாலம் லெய்ட். பேச்சில் பலர் 'த கீஸ் ஆர் லேயிங் தேர்' என்பார்கள், நீங்கள் எழுதும்போது 'லையிங்' என்றே எழுதுங்கள்.

உங்கள் உண்மையான சிக்கல் கீப். மேஜைமேல் வை என்றாலும் பத்திரமாக வைத்திரு என்றாலும் நமக்கு அந்த ஒரே 'வை' போதும், ஆங்கிலத்தில் முதலாவது புட், இரண்டாவது கீப். ஒருவர் வீட்டுச் சமையலறையில் நின்று 'வேர் டூ யூ கீப் த ஷுகர்?' என்று கேட்டால் வழக்கமாகச் சர்க்கரை டப்பா இருக்கும் இடத்தைக் கேட்கிறீர்கள். 'வேர் டிட் யூ புட் த ஷுகர்?' என்றால் சற்றுமுன் எடுத்தாரே, அதை எங்கே வைத்தார் என்று. கெப்ட் என்று நீங்கள் எழுதியது இந்திய ஆங்கிலத்தில் ஊன்றிப்போன வழக்கு, அதற்காகக் கூச்சப்படவே கூடாது, இங்கே எல்லோருக்கும் புரியும். ஆனால் லண்டன்காரருக்கு அது பார்சலை அங்கேயே வைத்திருந்தீர்கள் என்பதுபோல ஒலிக்கும், எனவே அவருக்குப் போகும் மெயிலில் புட்.

அப்புறம், 'த மில்க் இஸ் தேர் இன் த ஃப்ரிட்ஜ்' என்று எழுதும் பழக்கம் இருந்தால் அந்தத் 'தேர்' வேண்டாம், எடுத்துவிடுங்கள்.