உள்ளூர் வரலாற்றுக் கூட்டங்களுக்கு நேரில் போவதால் என்ன பயன்?

நூலக வாசகர் வட்டங்கள் மாதாமாதம் நடத்தும் உள்ளூர் வரலாற்றுக் கூட்டங்களுக்கு மெனக்கெட்டுப் போக வேண்டுமா, அதே பேச்சை வீட்டிலிருந்து வீடியோவில் பார்த்தால் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள் என்பதுதான் என் பதில். பேச்சு வீடியோவிலும் கிடைக்கும். பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "எங்க வீட்ல இப்படி ஒண்ணு கிடக்கு, பாக்கீங்களா?" என்று கேட்பது அதில் கிடைக்காது.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் 26 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். முதல் கூட்டத்துக்கு நான் தேடிப் போகவில்லை. மகளுக்குப் போட்டித் தேர்வுப் புத்தகம் எடுக்க நூலகத்துக்குப் போயிருந்தேன். அவள் புத்தகம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்து அறையில் பேச்சுச் சத்தம் கேட்டது, போய் உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் பாளையங்கோட்டைக் கோட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டதும், பாளையங்கோட்டைச் சிறையிலிருந்த அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2 அன்று தப்பிப் போய்ப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் திரும்ப எழுப்பியதும் இந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அவர் அதைச் சீக்கிரமே முடித்துவிட்டு, சாக்பீஸை எடுத்துப் பலகையில் கோட்டைச் சுவரை வரைய ஆரம்பித்தார். சுவர் இப்படிப் போயிருக்கும், வாசல் இங்கே, அகழி இந்தப் பக்கம், இன்றைக்கு அதன் மேல் இன்ன தெரு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

அகழி என்றதும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சொல்லை நான் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பழைய மூலப்பத்திரங்களில் நான்கெல்லை சொல்லும் இடத்தில் "கோட்டை அகழிக்கு மேற்கு" என்று வரும். புதுப் பத்திரம் எழுதும்போது சர்வே எண்ணைப் போட்டு, இன்ன சாலைக்கு மேற்கு என்று மாற்றிவிடுவோம். சட்டப்படி அது சரிதான். ஆனால் அந்த ஊரில் ஒரு கோட்டை இருந்தது, அகழி இன்ன இடத்தில் ஓடியது என்பதற்குச் சாட்சியான ஒரு வரி அதோடு போய்விடுகிறது. எத்தனை தடவை அப்படி மாற்றியிருப்பேன் என்று அன்று ராத்திரி படுத்தபடி எண்ணிப் பார்த்தேன். கணக்கு வரவில்லை.

சொத்துக்காரரிடம் அனுமதி கேட்டு, பெயர்களை மறைத்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, அடுத்த மாதம் பேராசிரியரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே சத்தமாக வாசித்தார். "கோட்டை அகழிக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு" என்று அவர் வாசிக்கும்போதே முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "அந்த இடத்தை எங்க ஆச்சி அகழிப் பள்ளம்னுதான் சொல்லுவா, மழை பெஞ்சா இப்பவும் அங்கதான் தண்ணி நிக்கும்" என்றார். பேராசிரியர் பலகையில் அகழிக்குப் போட்டிருந்த கோடுகளை அழித்து, கொஞ்சம் தள்ளி வரைந்தார். பத்திரம், ஆச்சியின் வாய்ச்சொல், மழைத்தண்ணீர் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டின. அன்றிலிருந்து இந்த ஆறு வருடத்தில் நான் தவறவிட்ட கூட்டங்கள் ரொம்பக் குறைவு.

உட்கார்ந்து பேசுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1920களிலேயே வண்ணார்பேட்டையில் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. வீட்டில், வட்டத்தொட்டி என்று பெயர் பெற்ற கூட்டத்தில், கவிதையைப் பேச ஆட்கள் கூடினார்கள். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920இல் தொடங்கியதும் இந்த ஊரில்தான். உ.வே.சா. ஏடு தேடி ஆழ்வார்திருநகரி வரைக்கும் வந்தார். ஏடுகளைப் பத்திரமாக வைத்திருந்த வீடுகள் இங்கே இருந்ததால் வந்தார். அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் நாம்தான்.

அப்புறம், ஒரு மாதம் என்னையே பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது பழைய பத்திரத்தில் தேதி பார்ப்பது, அதைச் சொன்னேன். நம் பக்கத்துப் பழைய ஓலைகளிலும் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு என்ற பழைய ஆண்டுக்கணக்கு இருக்கும். ஆவணியில் ஆண்டு பிறக்கும். அதோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும், ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய என்றால் 824. அப்போது கல்லூரி மாணவன் ஒருவன் கையைத் தூக்கி, "அண்ணாச்சி, அப்ப 1908 எழுச்சி நடந்தது கொல்லம் 1083ஆ?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்ததற்காக 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் கடையடைத்து, மாணவர்கள் தெருவுக்கு வந்து, நகராட்சி அலுவலகம் எரிந்து, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தது அவனுக்குத் தெரியும். தன் தாத்தா வீட்டு டிரங்குப் பெட்டியில் 1083 என்று போட்ட காகிதம் இருந்தால் அது அந்த வருடத்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வாரமே பெட்டியைத் திறந்திருக்கிறான். கிடைத்தது ஒரு சாதாரண நெல் கணக்கு. அதுவும் எங்களுக்குப் பொக்கிஷம்தான், அந்த வருடத்து நெல் விலை அதில் இருந்ததே!

பழங்காலப் புதைகாடான ஆதிச்சநல்லூர் பற்றிய கூட்டத்தையும் மறக்க முடியாது. இங்கிருந்து சுமார் 24 கிலோமீட்டர்தான். 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் தோண்டி எடுத்த பொருட்கள் பெர்லினுக்குப் போனது, அதன்பின் அலெக்சாந்தர் ரீ தோண்டியபோது கிடைத்த தங்க நெற்றிப்பட்டங்கள், 2004இல் நடந்த அகழாய்வு என்று பேச்சாளர் வரிசையாகச் சொல்லி முடித்தார். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து, சின்ன வயதில் கேட்ட கதையைச் சொன்னார். ரொம்ப வயதாகியும் சாகாமல் சுருங்கிப்போனவர்களைத் தாழி என்ற பெரிய மண்பானைக்குள் உட்கார்த்தி, ஒரு விளக்கும் சோறும் வைத்துப் புதைப்பார்களாம், அதனால் தாழி தென்பட்டால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்துவிட வேண்டுமாம். அது நடந்த வரலாறு இல்லை என்று பேச்சாளர் தன்மையாகச் சொன்னார். ஆனாலும் அந்தப் பயம் எத்தனை தாழிகளை உடையாமல் காத்திருக்கும் என்று அவரே சேர்த்துச் சொன்னார். பெரியவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

எல்லாக் கூட்டமும் இப்படி இருக்காது. ஒரு அமைப்பு நடத்திய கூட்டத்தில் ஆறு பேர் வாழ்த்துரை வழங்கி முடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. பேச வந்தவருக்கு இருபது நிமிடம், கேள்விக்கு நேரமே இல்லை. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, தங்கள் சாதிதான் இந்தச் சீமையை ஆண்டது என்று நிறுவுவதற்காகவே வரலாறு பேசும் கூட்டம். எங்கள் வட்டத்திலும் ஒருமுறை அப்படி ஒரு பேச்சு திசை மாறிப் போனது. வட்டத் தலைவர் குரலை உயர்த்தாமல், "ஐயா, அது எந்தக் கல்வெட்டு? எந்தக் கோயில் சுவர்ல இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பதில் வரவில்லை. "அப்ப கண்டுபிடிச்சுட்டு வாங்க, அடுத்த மாசம் உங்களுக்கே நேரம் ஒதுக்குதேன்" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்கும் கூட்டமாகப் பார்த்துப் போங்கள்.

செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாசகர் வட்டக் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. நூலகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் 1000 ரூபாய் கட்டிப் புரவலராகலாம். அதற்கு முன்பே நீங்கள் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 1948ஆம் வருடச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது, இப்போது ரூபாய்க்கு 10 பைசா. தயங்காமல் உள்ளே போய் உட்காருங்கள்.

2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்து, ஆற்றோரத் தெருக்களுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் வாசகர் வட்டத்துக்காரர்கள் வீடு வீடாகப் போய், நனைந்த பத்திரத்தை வெயிலில் போடாதீர்கள், ஒட்டிய தாளைப் பிய்க்காதீர்கள், இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து நிழலில் காற்றாட விடுங்கள் என்று சொன்னோம். இதையும் ஒரு கூட்டத்தில்தான் கற்றிருந்தோம். அப்போது ஒரு வீட்டில், பரணில் இருந்ததால் தப்பித்த ஒரு ஓலைக் கட்டை அந்த வீட்டு அம்மா காட்டினார். பழைய குப்பை, ஆற்றில் விட்டுவிடலாம் என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அந்தக் கட்டு இப்போது மஞ்சள் துணியில் சுற்றி நூலகர் அறைப் பீரோவில் இருக்கிறது. முதல் ஓலையில் கொல்லம் ஆண்டு மட்டும் எனக்குப் பிடிபட்டது, மற்றதைப் படிக்க எனக்குப் பயிற்சி போதாது. சுவடி வாசிக்கத் தெரிந்த ஒருவர் அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் என்னிடம் வந்து கேட்பார்: "அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுதா அண்ணாச்சி?"