‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ‘அபவுட்’ வரலாமா?

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதினால், மேலாளர் ‘அபவுட்’டை அடித்துவிடுகிறார். ஆனால் அவரே ‘எ டிஸ்கஷன் அபவுட்’ என்று எழுதுகிறார். எது சரி? ‘அபவுட்’, ‘இன்’, ‘ஆன்’ போன்ற பிரிபொசிஷன்களை மனப்பாடம் செய்ய வழி உண்டா? எல்லாவற்றையும் 30 நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லும் ஆன்லைன் வகுப்பில் சேரலாமா? வேலையை ‘கோப் அப் வித்’ பண்ணவே எனக்கு நேரம் போதவில்லை.

பதில்: மேலாளர் செய்வது இரண்டுமே சரி. ‘டிஸ்கஸ்’ வினைச்சொல், ‘டிஸ்கஷன்’ பெயர்ச்சொல். ‘வி டிஸ்கஸ்டு தி பட்ஜெட்’ என்னும்போது வினை தன் செயப்படுபொருளைத் தானே பிடித்துக்கொள்கிறது, நடுவில் ஆள் தேவையில்லை. பெயர்ச்சொல்லுக்கு அந்தப் பிடி கிடையாது. அதனால்தான் ‘எ டிஸ்கஷன் அபவுட் தி பட்ஜெட்’ என்று ஒரு பிரிபொசிஷன் உள்ளே வருகிறது. அந்த ‘அபவுட் தி பட்ஜெட்’ மொத்தமும் சேர்ந்ததுதான் பிரிபொசிஷனல் ஃப்ரேஸ். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம்.

அலுவலகத்தில் அதிகம் அடிவாங்கும் சொற்கள் பல இதே கணக்கில் அடங்கும். ‘ரிக்வெஸ்ட் எ ரீஃபண்ட்’, ஆனால் ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் எ ரீஃபண்ட்’. ‘எம்ஃபசைஸ் க்வாலிட்டி’, ஆனால் ‘எம்ஃபசிஸ் ஆன் க்வாலிட்டி’. ‘ஆன்சர் தி கொஸ்டின்’, ஆனால் ‘தி ஆன்சர் டு தி கொஸ்டின்’.

தவறு எங்கிருந்து வருகிறது? நம் வேற்றுமை உருபிலிருந்துதான். ‘பட்ஜெட்டைப் பற்றி’ என்று மனம் சொல்ல, கை ‘அபவுட்’ போடுகிறது. ‘அலுவலகத்துக்கு’ என்பதால் ‘ரீச்டு டு தி ஆஃபீஸ்’. ‘அவரோடு’ என்பதால் ‘மேரீட் வித் ஹிம்’. ஆங்கிலத்தில் அது ‘மேரீட் டு ஹிம்’. தலைகீழாகவும் நடக்கும். ‘பாட்டைக் கேட்டேன்’ என்பதில் பற்றியோ ஓடோ இல்லாததால் ‘லிசன்டு தி சாங்’ என்று எழுதிவிடுகிறோம், வர வேண்டிய ‘டு’ காணாமல் போகிறது.

இனி அந்த வகுப்பு. சேராதீர்கள். 30 நாள் என்று யாராவது சொன்னாலே பணப்பையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இவர்கள் கொடுப்பது பெரும்பாலும் ஒரு பட்டியல்: ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஆன்’ என்றால் மேலே, ‘அட்’ என்றால் இல். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ‘டிபெண்ட் ஆன்’ எழுத முடியுமா? யார் யார் தலைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள்? பள்ளிக்கூடமும் இதில் சளைத்ததல்ல. பெட்டிக்குள் பந்து, பெட்டிமேல் பந்து என்று படம் காட்டிவிட்டு, தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி ஒரு மதிப்பெண்ணோடு கை கழுவிவிடுகிறார்கள். கோடு எங்கே விழ வேண்டும், விழவே கூடாத இடம் எது என்பதுதானே உங்கள் சிக்கல்? அதை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.

வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கவே கூடாது என்றும் இந்த வகுப்புகளில் மிரட்டுவார்கள். 1672-இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர் கிளப்பிவிட்ட குறை அது. பிற்பாடு தன் பழைய எழுத்தையே அதற்காகத் திருத்தினார். அது அவர் பாடு. ‘ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?’ என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

மனப்பாடம் செய்வதானால் பிரிபொசிஷனைத் தனியாகச் செய்யாதீர்கள். அது முன்னால் நிற்கும் சொல்லின் சொத்து. ‘இன்ட்ரெஸ்டட் இன்’, ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’, ‘டிபெண்ட் ஆன்’ என்று ஜோடியாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். ‘என்டர்’. அறைக்குள் நுழைந்தால் ‘என்டர்டு தி ரூம்’, ‘இன்டு’ கிடையாது. ஒப்பந்தம் செய்துகொண்டால் ‘என்டர்டு இன்டு அன் அக்ரிமென்ட்’, இங்கே ‘இன்டு’ கட்டாயம். கால் வைத்து நுழையும் இடமா, நாமாக ஏற்றுக்கொள்ளும் பிணைப்பா என்று பாருங்கள். பேச்சுவார்த்தையும் பிணைப்பு வகைதான், ‘என்டர்டு இன்டு நெகோஷியேஷன்ஸ்’. சரி, ‘என்டர் தி டேட்டா இன்டு தி சிஸ்டம்’ என்கிறார்களே, சிஸ்டம் என்ன ஒப்பந்தமா? இல்லை. அங்கே ‘என்டர்’ பிடித்திருப்பது டேட்டாவை. சிஸ்டம் அது போய்ச் சேரும் இடம். ‘டிஸ்கஸ்’ போல இதுவும் ஒரு பொருளைத்தான் நேரடியாகப் பிடிக்கிறது, இரண்டாவது ஆள் வந்தால் பிரிபொசிஷன் போட்டுத்தான் அழைக்க வேண்டும். மேலாளர் இந்த ‘இன்டு’வை அடித்தால், பணிவாக மறுத்துப் பேசுங்கள்.

மின்னஞ்சல் எழுதுபவர் என்பதால் இன்னொன்று. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று முடிக்காதீர்கள். ‘டு மீட்டிங் யூ’ என்பதே சரி. அந்த ‘டு’ பிரிபொசிஷனா என்று சந்தேகம் வந்தால், பின்னால் ‘இட்’ வைத்துப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறது, அதனால் ‘மீட்டிங்’. ‘வான்ட் டு இட்’ நிற்கவில்லை, அதனால் ‘வான்ட் டு மீட்’.

கடைசியாக, உங்கள் கேள்வியிலேயே ஒன்று இருக்கிறது. ‘கோப் அப் வித்’ அல்ல, ‘கோப் வித்’. ‘கேட்ச் அப் வித்’திலிருந்து அந்த ‘அப்’ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அடித்துவிடுங்கள்.