அடாமி பயணத்துக்கு 'ரிபோ' போடலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நானும் கணவரும் டோக்கியோவில், நிஷி-கசாயில் இருக்கிறோம். இருவருக்கும் ஐடி வேலை. பிப்ரவரியில் என் அப்பா, அம்மா மதுரையிலிருந்து முதல்முறையாக ஜப்பான் வருகிறார்கள். அவர்களை வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன அடாமிக்குக் கூட்டிப்போய் இரண்டு இரவு தங்க ஆசை. அறையிலேயே ஒன்சென் (வெந்நீர் ஊற்று) தொட்டி உள்ள ஒரு ரியோகான் (ஜப்பானியப் பாரம்பரிய விடுதி) பார்த்து வைத்திருக்கிறேன். இரவு, காலைச் சாப்பாடு சேர்த்து ஒருவருக்கு ஓர் இரவுக்கு 38,000 யென். நான்கு பேருக்கு 3,04,000 ஆகிறது. டிசம்பர் போனஸ் கைக்கு 6 லட்சம் யென் வரும். அதை அப்படியே ஊரில் உள்ள வீட்டுக் கடனில் கட்ட முடிவு செய்திருக்கிறோம். அந்தக் கடனுக்கு வட்டி 8.5 சதவீதம். அவசரச் சேமிப்பு 5 லட்சம் யென் இருக்கிறது, அதைத் தொட மனமில்லை. ரியோகான் செலவை மட்டும் கார்டில் ரிபோ (மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டி, மீதிக்கு வட்டி கொடுக்கும் முறை) போட்டு மாதம் 10,000 கட்டிவிடலாமா? பெற்றோர் இருவரும் சுத்த சைவம். அப்பாவுக்கு பிபி உண்டு.
- ஒரு வாசகி, டோக்கியோ

பதில்: ரிபோ வேண்டாம் அம்மா. பயணம் கட்டாயம் போங்கள்.

ஜப்பானில் பல கார்டுகளில் ரிபோ வட்டி ஆண்டுக்கு 15 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். 15 என்றே வைத்துக்கொள்வோம். வட்டியும் சேர்த்து மாதம் 10,000 என்று கட்டினால், முதல் மாதம் 3,800 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 6,200தான். 3,04,000 முழுதும் தீர மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வட்டி மட்டும் 80,000 யென் கட்டியிருப்பீர்கள். ஊரில் 8.5 சதவீதக் கடனை அடைக்கப் பணம் அனுப்பிவிட்டு, இங்கே 15 சதவீதத்துக்குப் புதுக்கடன் வாங்குவதில் உங்களுக்கு நஷ்டம்தான். போனஸ் வந்ததும் பயணத்துக்கு 2 லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். மீதி 4 லட்சத்தை ஊருக்கு அனுப்புங்கள். அவசரச் சேமிப்பைத் தொடாதது ரொம்பச் சரி. பெற்றோர் இங்கே இருக்கும் நாட்களில் அது கையில் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. சில கார்டுகளில், நீங்கள் கேட்காமலே எல்லாச் செலவும் ரிபோவில் விழும்படி அமைப்பு இருக்கும். இன்றைக்கே ஆப்பைத் திறந்து பாருங்கள். பணம் கட்டும்போது 'இக்காய்' என்று ஒரே தவணையாகப் போடுங்கள். இரண்டு தவணையாகப் போட்டாலும் வழக்கமாக வட்டி கிடையாது.

சரி, 3 லட்சம் எப்படி 2 லட்சமாகும்? அந்த 38,000 எதற்கு என்று பாருங்கள். ரியோகான்களில் அறைக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை, தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. அதில் கணிசமான பங்கு இரவு விருந்துக்குப் போகிறது. அடாமி கடலோர ஊர், விருந்து என்றால் மீன்தான். காய்கறி வேகவைக்கும் சாற்றில்கூட உலர்ந்த மீன் சீவல் சேர்ந்திருக்கும். முன்கூட்டியே கேட்டால் சில இடங்களில் சைவம் செய்து தருவார்கள், ஆனால் அதற்காக விலையைக் குறைப்பது அரிது. உங்கள் அம்மா தொடாத தட்டுக்கு நீங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? 'சுதோமாரி' என்று சாப்பாடு இல்லாத கட்டணம் இருக்கிறது, அதைத் தேடுங்கள். புளியோதரை கட்டிக்கொண்டு போவதாக இருந்தால், வெளிச் சாப்பாட்டை அறைக்குக் கொண்டுவரலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அறைக்குள் தொட்டி வேண்டும் என்று நீங்கள் நினைப்பது கூச்சத்தால் என்று புரிகிறது. பொதுக் குளியலில் உடையில்லாமல் இறங்க நம் பெற்றோருக்கு மனம் வராது. அதற்கு 'காஷிகிரி' குளியல் போதும். 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ உங்கள் குடும்பத்துக்கு மட்டும் என்று பூட்டிக்கொள்ளலாம். சில விடுதிகளில் இலவசம், சில இடங்களில் ஒரு முறைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் யென். தண்ணீர் நல்ல சூடாக இருக்கும். அப்பா மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்கட்டும், தனியாகக் குளிக்க வேண்டாம்.

நாளும் முக்கியம். சனிக்கிழமையும் விடுமுறைக்கு முந்தைய இரவும் விலை ஏறும். பிப்ரவரி 11, 23 இரண்டும் அரசு விடுமுறை, அவற்றை ஒட்டிப் போகாதீர்கள். வார நாளில் இரண்டு நாள் யூக்யூ (சம்பளத்தோடு விடுப்பு) போட்டுக்கொண்டு, தலைக்கு ஓர் இரவுக்கு 15,000 யென்னைத் தாண்டுவதில்லை என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். தங்கும் செலவு 1,20,000க்குள் அடங்கும். குளியல் வரி 150, 2025 ஏப்ரலில் வந்த தங்கும் வரி 200, இரண்டும் தலைக்கு ஓர் இரவுக்கு, மொத்தம் 2,800. இதை விடுதியில் தனியாகக் கேட்பார்கள்.

ரயிலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். டோக்கியோவிலிருந்து சாதாரண ரயிலில் 2,000 யென் அளவில் போகலாம், ஆனால் இரண்டு மணி நேரம் பிடிக்கும், உட்கார இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கொதாமா என்ற ஷின்கான்சென் அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான், ஒருவருக்கு 4,000 யென் அளவில் ஆகும். வயதானவர்களுக்கு அதுதான் சரி. நொசோமி என்ற ஷின்கான்சென் அடாமியில் நிற்காது, பார்த்து ஏறுங்கள். இந்தப் பயணத்துக்காக மட்டும் 50,000 யென்னோ அதற்கு மேலோ கொடுத்து ஏழு நாள் ரயில் பாஸ் வாங்க வேண்டாம். ரயில் 32,000, காஷிகிரி 12,000, சாப்பாடு, பஸ், டாக்ஸிக்கு 33,000 என்று வைத்தால் எல்லாம் சேர்ந்து 2 லட்சத்துக்குள் முடிந்துவிடும்.

அங்கே போனபின் பெரிய செலவு இல்லை. ஸ்டேஷன் வாசலிலேயே கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது, காசு கிடையாது. 1604இல் இங்கே வந்து தங்கிக் குளித்த ஜப்பானிய ஆட்சியாளர் தொகுகாவா இயெயாசுவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். பிப்ரவரியில் பைஎன் தோட்டத்தில் உமே (ப்ளம் மரம்) பூத்திருக்கும்.

ஊருக்கு அனுப்பும் முன், அந்த 4 லட்சத்தில் முதல் செலவு, பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு. குறுகிய கால விசாவில் வருகிறவர்கள் இங்குள்ள தேசிய சுகாதாரக் காப்பீட்டில் சேர முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் முழு பில்லும் உங்கள் தலையில். அவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பாலிசி எடுத்துவிடுங்கள். அப்பாவின் பிபியை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் அதைக் காட்டியே க்ளெய்மை மறுப்பார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எந்த அளவு கவர் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பிரீமியம் கூடினாலும் அந்தக் கவர் உள்ளதையே எடுங்கள்.

அடாமி மேடும் பள்ளமுமான ஊர். ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பும் விடுதியா, லிஃப்ட் உண்டா, தரைப்படுக்கைக்குப் பதில் கட்டில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, ரத்துக் கட்டண விதியையும் படித்துவிட்டு அறையைப் போடுங்கள். பெற்றோர் வந்திறங்கிய வாரத்திலேயே வேண்டாம். களைப்பு தீர நாலைந்து நாள் விட்டுத் தேதி குறியுங்கள்.