நியூயார்க் தெருவில் வைக்கிங் (பழைய வட ஐரோப்பியக் கடல்வீரர்) வேடத்தில் நின்ற மூன்டாக் பிச்சைக்காரரா, இசைமேதையா?

மேதைதான், சந்தேகமே வேண்டாம். இயற்பெயர் லூயிஸ் ஹார்டின், 1916இல் கான்சஸில் பிறந்தவர். 16 வயதில் ஒரு வெடிமருந்துக் குப்பி வெடித்துப் பார்வை போய்விட்டது. 1940களில் நியூயார்க் வந்தவர், ஆறாவது அவென்யூவின் தெருமுனையே கதியென்று பல வருடம் நின்றார். நீண்ட தாடி, கொம்பு வைத்த தலைக்கவசம், கையில் ஈட்டி. தான் எழுதிய கவிதைகளையும் இசைத்தாள்களையும் அங்கேயே விற்றார். ஆளைப் பார்த்து இயேசு மாதிரி இருக்கிறார் என்று சொன்னவர்கள் உண்டு; அது பிடிக்காமல்தான் வைக்கிங் உடைக்கு மாறினார்.

வேடத்தை விடுங்கள், இசைக்கு வாருங்கள். எல்லாவற்றையும் பிரெயிலில் எழுதினார். ஒரு குரல் தொடங்கிய மெட்டை அடுத்தடுத்த குரல்கள் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வரும் கானன் வடிவம் அவருக்கு உயிர். அதையும் ஐந்து, ஏழு எண்ணிக்கைத் தாளங்களில் ஓடவிட்டார். டிரிம்பா என்ற முக்கோணத் தாளக்கருவியை அவரே உருவாக்கினார். தெருச் சத்தத்தையும் ஒலிப்பதிவுகளில் சேர்த்துக்கொண்டார், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பிலிப் கிளாஸ், ஸ்டீவ் ரைக் போன்ற அமெரிக்க இசையமைப்பாளர்கள் அவரை மதித்தார்கள். கிளாஸ் வீட்டில் கொஞ்ச காலம் தங்கியும் இருந்தார். அப்புறம் 1974இல் ஜெர்மனி போனவர் அங்கேயே தங்கி, 1999இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார்.