வால்வும் எரிகிறது, காசும் எரிகிறது

வால்வு (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்) போட்ட ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் பற்றி இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஓசூரிலிருந்து அரூர் வரை யாரோ எல்லோருக்கும் ஆசை காட்டியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்கள் வேண்டாம், ஊர் போதும்.

கே: சிப்காட்டில் வேலை. என்னிடம் ஏடிஎச்-எம்50எக்ஸ் ஹெட்போன் இருக்கிறது. பெங்களூரில் ஒருவர் 6ஏஎஸ்7 வால்வு போட்ட பழைய ஓடிஎல் ஆம்ப்ளிஃபையரை 14,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். என் பட்ஜெட் 15,000. வாங்கலாமா? – ஓசூர்

ப: வாங்காதீர்கள். ஆம்ப்ளிஃபையர் நல்ல பொருளாகவே இருக்கலாம். உங்கள் ஹெட்போனுக்கும் அதற்கும் பொருத்தம் இல்லை.

ஓடிஎல் என்றால் வெளியேறும் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, வால்வே நேரடியாக ஹெட்போனை இயக்க வேண்டும். அதனால் ஆம்ப்ளிஃபையரின் சொந்த மின்தடை, அதாவது ஓம் அளவு, அதிகமாக இருக்கும். இந்த வகையில் 100 ஓமுக்கு மேல் போவது சகஜம். 120 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் ஹெட்போன் 38 ஓம். ஆம்ப்ளிஃபையர் தரும் மின்னழுத்தத்தில் கால் பங்குதான் ஹெட்போனுக்கு வந்து சேரும். மீதி முக்கால் பங்கு ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே தங்கிவிடும். அதோடு ஹெட்போனின் அதிர்வைப் பிடித்து நிறுத்தும் பிடிமானமும் போய்விடுவதால் தவில் அடி தொளதொளவென்று கேட்கும். அதே ஆம்ப்ளிஃபையரில் சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனைச் செருகினால் எழுபது சதவீதம் வந்து சேரும். ஓடிஎல் பிடித்துப்போனவர்கள் பலரும் கையில் வைத்திருப்பது அந்த மாதிரி ஹெட்போன்தான்.

ஆம்ப்ளிஃபையரின் ஓம் அளவு ஹெட்போனின் ஓம் அளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பழைய கணக்கு. உங்களுக்கு அது ஐந்து ஓமுக்குள் இருக்க வேண்டும். ஆகவே ஹைப்ரிட் பாருங்கள். அதில் முன்பகுதியில் வால்வு, ஹெட்போனைத் தள்ளும் வேலை டிரான்சிஸ்டருக்கு. 15,000-ஐ முழுவதும் அதில் கொட்டாமல் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். ஒலியில் பெரிய மாற்றம் ஹெட்போனை மாற்றும்போதுதான் வரும். ஆம்ப்ளிஃபையர் அடுத்தது. வால்வு மாற்றுவது கடைசி. இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான் எனக்கு அதிகம் எழுதுகிறார்கள்.

கே: ஆம்ப்ளிஃபையருக்குத் தனியாக 4,500 ரூபாயில் பவர் கேபிள் போட்டால் ஒலி தெளிவாகும் என்கிறார்களே? – பாலக்கோடு

ப: ஆகாது. மின்கம்பத்திலிருந்து உங்கள் சுவர் வரை வந்திருக்கும் கம்பியை என்ன செய்வதாக உத்தேசம்?

கே: 3,000 ரூபாய்க்கு இரண்டு வால்வு உள்ள ஆம்ப்ளிஃபையர் ஆன்லைனில் இருக்கிறது. படத்தில் வால்வு இரண்டும் நெருப்புத் துண்டு மாதிரி ஜொலிக்கின்றன. அசல் வால்வுதானா? – காரிமங்கலம்

ப: வால்வு அசல்தான். ஜொலிப்பு அசல் அல்ல.

இந்த விஷயத்தில் எனக்குப் பல நாள் ஆத்திரம் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சிறிய வால்வுக்குள் இருக்கும் இழை எப்படி எரியும் என்று பார்த்திருக்கிறீர்களா? பகலில் தெரியவே தெரியாது. விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் உள்ளே இருக்கும் உலோகத் தகட்டுக்கு மேலும் கீழும் மங்கிய ஆரஞ்சுப் புள்ளி தெரியும், அவ்வளவுதான். ஆனால் மலிவு ஆம்ப்ளிஃபையர்களில் வால்வு சாக்கெட்டின் நடு ஓட்டைக்கு அடியில் ஓர் எல்இடி விளக்கைப் பதித்துவிடுகிறார்கள். கண்ணாடி முழுக்க ஆரஞ்சு. சிலவற்றில் நீலம்கூட வரும். வாங்குகிறவர் 'ஆகா, வால்வு எரிகிறது' என்கிறார். எரிவது ஐந்து ரூபாய் எல்இடி.

விளக்கு வைத்ததை மட்டும் நான் குற்றம் சொல்லவில்லை, அழகுக்கு வைத்துக்கொள்ளட்டும். வால்வு எந்த வேலையைச் செய்கிறது என்பதை மறைப்பதுதான் குற்றம். இந்த விலையில் வருவது பெரும்பாலும் 6ஜே1 என்கிற ஏழு கால் வால்வு. ரேடியோ அலைவரிசை வேலைக்காக உருவானது. அதன் தகட்டுக்கு நூறு வோல்ட்டை ஒட்டிக் கொடுத்தால் முறையாக வேலை செய்யும். உங்கள் பெட்டிக்கு வெளியே இருப்பதோ 12 வோல்ட் அடாப்டர். சில தயாரிப்புகளில் உள்ளேயே வோல்ட்டை ஏற்றும் சுற்று வைத்திருப்பார்கள், அது நியாயம். பலவற்றில் அது இல்லை. வால்வு அரைப் பட்டினியில் கிடக்கும், ஹெட்போனை இயக்குவது பின்னால் இருக்கும் ஐசி என்கிற சிப். 'சுத்தமான வால்வு ஒலி' என்று அட்டையில் அச்சடித்தவர் 'ஐசி ஒலி, வால்வு வாசனை' என்று அச்சடித்திருந்தால் நான் குறுக்கே வந்திருக்க மாட்டேன்.

வாங்கிவிட்டவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரவு முழுக்க அணைத்து வைத்துக் காலையில் பாட்டை ஓடவிட்டுவிட்டு சுவிட்சைப் போடுங்கள். வால்வின் இழை சூடேறப் பல விநாடிகள் வேண்டும். சுவிட்சைப் போட்ட கணமே முழு ஒலியும் வந்தால் பாட்டு வால்வு வழியாக வரவில்லை. (தாமதமாக வந்தால் மட்டும் சான்று ஆகிவிடாது. ஒலியைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கும் ரிலேவும் உண்டு.) அடாப்டரையும் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் அதற்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். அந்த முத்திரை இல்லாத அடாப்டரை இரவில் செருகி வைத்துவிட்டுத் தூங்காதீர்கள்.

3,000 ரூபாய்க்கு மேசையில் ஓர் அழகுப்பொருள் வேண்டுமானால் வாங்குங்கள், தடுக்கவில்லை.

கே: ஆன்லைனில் 11,500 ரூபாய்க்கு வாங்கினேன். விவரத்தில் 220 வோல்ட் என்று இருந்தது. செருகியதும் 'டப்' என்று சத்தம், புகை. பின்பக்கம் இருந்த சின்ன சிவப்பு சுவிட்ச் 115-இல் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். உள்ளே இருந்த தாள் முழுக்கச் சீன எழுத்து. 'வாடிக்கையாளர் சேதப்படுத்தியது, திரும்ப எடுக்க முடியாது' என்கிறார்கள். தவறு என்னுடையதா? – பென்னாகரம்

ப: இல்லை. இந்தியாவில் 230 வோல்ட் என்பது பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும், இங்கே விற்க வந்தவருக்குத் தெரியாதா? 220 என்று எழுதி விற்றவர் 115-இல் வைத்து அனுப்பியிருக்கிறார், நமக்குப் புரியாத தாளை உள்ளே போட்டிருக்கிறார். நீங்கள் ஏன் தலை குனிய வேண்டும்?

பெட்டியை அவசரப்பட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம். சிவப்பு சுவிட்ச் இருக்கும் நிலையை அப்படியே படம் எடுங்கள். அதை நகர்த்தியிருந்தால் நகர்த்தியதையும் எழுதி வையுங்கள், மறைக்காதீர்கள். விற்பனைப் பக்கத்தில் '220' என்று இருப்பதை அவர்கள் மாற்றுவதற்குள் படம் பிடித்துவிடுங்கள். பில், அந்தத் தாள், அவர்கள் அனுப்பிய மறுப்பு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

ஒவ்வொரு ஆன்லைன் சந்தைக்கும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசிவிட்டு விடாதீர்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பல பேருக்கு அங்கேயே பணம் திரும்பிவிடுகிறது.

அப்படியும் வரவில்லையென்றால் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி விடுகிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை அந்தச் சட்டமே நேர்மையற்ற வணிகம் என்று சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் எழுதவில்லை என்றால் முப்பது நாள் கணக்கு. மனுவில் இந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், அவசியம் வெளியிடுகிறேன்.

கே: என் ஆம்ப்ளிஃபையரில் 6என்3 வால்வு. தரம் உயர்த்தலாம் என்று 12ஏயூ7 ஜோடி வாங்கிப் போட்டேன். ஒன்பது கால் சரியாக உட்கார்ந்தது. எரியவும் இல்லை, பாடவும் இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். புகார் செய்யலாமா? – கிருஷ்ணகிரி

ப: யார் மேல்? நீங்கள் 12ஏயூ7 கேட்டீர்கள், அவர் 12ஏயூ7 கொடுத்தார்.

கால் உட்கார்ந்தால் போதும் என்று யார் சொன்னது? 6என்3-இல் இழைக்கு மின்சாரம் போவது 1, 9 என்ற இரண்டு கால்களில். 12ஏயூ7-இல் 4, 5, 9. அதனால்தான் எரியவில்லை. 6என்3-க்கு மாற்று 5670 அல்லது 2சி51. கடைக்காரரிடம் பணிவாகக் கேட்டால் மாற்றித் தரக்கூடும், அது அவருடைய பெருந்தன்மை. பழைய வால்வைத் திரும்பப் போட்டு ஆம்ப்ளிஃபையர் பிழைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனி வாங்கும் முன் வால்வின் பெயரைக் கையேட்டில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். மளிகைக்கடைக்குப் போகும்போதே சீட்டு எழுதிக்கொண்டு போகிறோம்.

கே: ப்ளூடூத் இயர்பட்ஸுக்கு வால்வு ஆம்ப்ளிஃபையர் இணைக்க முடியுமா? – தர்மபுரி

ப: முடியாது. அதற்குள்ளேயே ஓர் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது.

கே: 1960-களின் இங்கிலாந்து வால்வு, பயன்படுத்தாதது, ஜோடி 6,000 ரூபாய் என்கிறார்கள். என் ஆம்ப்ளிஃபையரின் விலையே 9,000தான். போட்டால் ஒலி உயருமா? – அரூர்

ப: ஒலி கொஞ்சம் மாறும். உயரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்பதாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபையரில் ஆறாயிரம் ரூபாய் வால்வு வேண்டியதில்லை. ஸ்லோவாகியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றும் புது வால்வு தயாராகிறது, அதில் ஒரு ஜோடி போதும். பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஒரு காலத்தில் வால்வு செய்தது. பழைய ரேடியோ பழுதுபார்க்கும் கடைகளில் அந்தப் பெட்டிகள் எப்போதாவது அகப்படும். உங்கள் ஆம்ப்ளிஃபையருக்கு உரிய எண் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

நானும் 'மேட் இன் இங்கிலாந்து' ஜோடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அலமாரியில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு ரஷ்ய வால்வை நிறுத்திப் பார்த்தால், உள்ளே தகட்டின் மடிப்பு, அதில் இருக்கும் துளை, மைக்கா வட்டின் பல் எல்லாம் அச்சு அசல் ஒன்று. எழுத்து மட்டும் இங்கிலாந்து. விரலால் தேய்த்தால் எழுத்து அழிகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், நம்பாதீர்கள். அசல் பழைய வால்விலும் அழியும். உள்ளே இருக்கும் உலோகத்தைப் பாருங்கள். இன்னொன்று: வால்வின் உச்சியில் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு இருக்கும். அது சுண்ணாம்பு வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கே: லேப்டாப்பில் இணைத்துக் கேட்டால் 'ம்ம்ம்' என்று உறுமல். வால்வை மாற்ற வேண்டுமா? – தேன்கனிக்கோட்டை

ப: பொறுங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் கேளுங்கள். உறுமல் நின்றால் வால்வு நிரபராதி, எர்த் இணைப்பில்தான் சிக்கல். லேப்டாப்பையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே பிளக் பெட்டியில் செருகிப் பாருங்கள். தீரவில்லையென்றால் வீட்டு எர்த்தை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். நம் பக்கத்துக் கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்றி எத்தனை வருடம் ஆயிற்றோ. உறுமலை நிறுத்த பிளக்கின் பெரிய காலை (அதுதான் எர்த்) வெட்டச் சொல்லும் வீடியோ ஒன்று சுற்றுகிறதாம். வெட்டாதீர்கள். சில வால்வு ஆம்ப்ளிஃபையர்களுக்குள் நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. அணைத்த பிறகும் கண்டென்சரில் தங்கும்.

கே: தாத்தாவின் வால்வு ரேடியோ பரணில் இருக்கிறது. அதில் உள்ள வால்வுகளைக் கழற்றி ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரில் போடலாமா? – ஊத்தங்கரை

ப: கூடாது. அதில் இருப்பவை பெரும்பாலும் ஈசிஎச்81, இஎஃப்89, இஎல்84 போன்றவை. கால்கள் ஒன்பது என்றாலும் வேலை வேறு. மேலே கிருஷ்ணகிரிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். ரேடியோவை ரேடியோவாகவே விடுங்கள். பாடுகிறதா என்று பார்க்கும் ஆவலில் நேராக 230-இல் செருகிவிடாதீர்கள். அந்தக் காலக் காகிதக் கண்டென்சர்கள் இந்நேரம் கசிந்திருக்கும். வால்வு வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து முதலில் அவற்றை மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய வால்வுகளைத் திரும்ப எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.