வாந்தி சிரப்பை நிறுத்துங்கள். அடைப்பு கீழே இருக்கிறது

கேள்வி: எங்கள் மகனுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. நான்கு மாதமாக வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வாந்தி எடுக்கிறான். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறைதான் ஆய் போகிறான், அதுவும் கட்டியாக. நடுவில் ஜட்டியில் தண்ணீராகக் கசிகிறது. மருந்துக்கடையில் தந்த வாந்தி சிரப் கொடுத்தால் நிற்கிறது, பிறகு மறுபடி வருகிறது. உணவு ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அந்தப் பரிசோதனை இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் நாள்பட்ட மலச்சிக்கல். மலக்குடல் நிரம்பி விரிந்தே கிடந்தால் இரைப்பை காலியாவதும் மந்தப்படும். பகல் முழுக்க உள்ளே போனது இறங்காமல் நிற்க, இரவுச் சாப்பாடு அதன்மேல் சேர்ந்ததும் வெளியே வந்துவிடுகிறது. ஜட்டியில் கசிவது பேதி அல்ல. கட்டியைச் சுற்றி வழிந்து வரும் நீர்மலம் அது. அதைப் பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்துவிடாதீர்கள். அடைப்பு இன்னும் இறுகும்.

இப்போது அந்த சிரப் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். ஒண்டான்செட்ரான் என்று எழுதியிருந்தால், மலச்சிக்கல் அதன் வழக்கமான பக்கவிளைவு. வாந்தி நிற்கிறது, மலம் இறுகுகிறது, நாலு நாளில் மறுபடி வாந்தி, மறுபடி சிரப். நான்கு மாதம் ஓடியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். டோம்பெரிடோன் என்று எழுதியிருந்தால், 12 வயதுக்குக் கீழ் வாந்திக்கு அது பலன் தருவதாக நிரூபணமே இல்லை. இதயத் துடிப்பின் தாளத்தையும் குலைக்கக்கூடியது. குழந்தையைப் பார்க்காமல், எடை கேட்காமல் பாட்டிலை நீட்டுவது மருத்துவம் இல்லை. வாந்தி என்று வந்த குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்க்காமல் மூன்று நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்புவதும் அப்படித்தான். அடிவயிற்றின் இடப்பக்கம் கை வைத்தாலே கட்டி தட்டுப்படும் குழந்தைகள் எத்தனையோ பேர். இதற்கு எக்ஸ்ரேகூட வழக்கமாகத் தேவைப்படாது.

மருத்துவர் அடைப்பை உறுதிசெய்தால், முதலில் தேங்கியதை வெளியேற்ற வேண்டும். அதற்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 கிராம்; உங்கள் மகனுக்கு 12 முதல் 18 கிராம் வரை, மூன்று முதல் ஆறு நாள். இரண்டாம் நாளே கசிவு அதிகமாகும். 'பேதியாகிவிட்டது' என்று பயந்து பலரும் நிறுத்துவது அங்கேதான். நிறுத்தாதீர்கள், கட்டிகள் முழுக்க வெளியேறி மலம் இளகி வரும்வரை போக வேண்டும். பிறகு கிலோவுக்கு சுமார் 0.4 கிராம், அதாவது நாளொன்றுக்கு 5 கிராம் அளவில் தொடங்கி, தினம் ஒருமுறை மெத்தென்று போகும்படி மருத்துவர் கூட்டிக் குறைப்பார். குறைந்தது இரண்டு மாதம் தொடர வேண்டும். தொந்தரவு எல்லாம் நின்று ஒரு மாதம் ஆன பிறகே மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். விரிந்த மலக்குடல் பழைய நிலைக்குச் சுருங்க அவ்வளவு காலம் பிடிக்கும். 'மலமிளக்கி பழக்கமாகிவிடும்' என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இந்த மருந்து குடலில் நீரைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான், குடலைச் சோம்பேறியாக்காது. வீட்டில் எனிமா கொடுக்க வேண்டாம். ஆசனவாயில் ஒருமுறை வலித்துவிட்டால் குழந்தை இன்னும் அடக்கும்.

சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிடம் ஆய்க்கு உட்கார வையுங்கள். பாதம் தொங்காமல் அடியில் பலகை வேண்டும். பால் ஒரு நாளைக்கு 500 மில்லியைத் தாண்டக் கூடாது. பாலிலேயே வயிறு நிறைந்தால் நார்ச்சத்துள்ள உணவுக்கு இடமேது? வாயைப் பிடித்து ஊட்டுவதை இன்றே விடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மருந்துக்கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலை (ஓஆர்எஸ்) 5 மில்லியாக இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். முழுப் பொட்டலத்தையும் அதில் எழுதிய அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.

ஒவ்வாமைப் பரிசோதனைக்கு வருகிறேன். நூறு உணவுக்கு ஒரே ரத்தத்தில் பார்க்கும் ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம்) பட்டியல், குழந்தை எதையெல்லாம் சாப்பிட்டிருக்கிறது என்பதைத்தான் சொல்லும், ஒவ்வாமையைச் சொல்லாது. ஆய்வகத்துக்கு ஆள் பிடித்துத் தருகிறவர்களுக்கு இதில் கமிஷன் உண்டு. அந்தத் தாளை நம்பிப் பாலையும் முட்டையையும் பருப்பையும் நிறுத்தி, எடை சரிந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பால் ஒவ்வாமை சில குழந்தைகளுக்கு மலச்சிக்கலாக வருவது உண்மை. சரியான அளவு மருந்துக்கும் மசியாவிட்டால், மருத்துவர் சொல்லி இரண்டு முதல் நான்கு வாரம் பாலை நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்ப்பதே சோதனை. செலவழிக்க வேண்டுமானால் சிறுநீர்ப் பரிசோதனைக்குச் செலவழியுங்கள். மலச்சிக்கலோடு சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து வருவதுண்டு, அதுவும் வாந்தி தரும்.

பச்சை நிற வாந்தி, ரத்தம், எட்டு மணி நேரம் சிறுநீர் இல்லாதது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.

இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது வாந்தி இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வருகிறது. அது காலையில் கண்விழித்ததும், வெறும் வயிற்றில் வருவதாக மாறினால் வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. எடுத்து முடித்ததும் தெளிந்து விளையாடப் போவான். அதனாலேயே பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். தலைக்குள் அழுத்தம் கூடினால் இப்படி வரும். இந்த வயதில் தலைவலி என்று சொல்லத் தெரியாது. தலையைப் பிடித்துக்கொண்டு சிணுங்குவான், தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பான், நன்றாக நடந்தவன் தடுமாறுவான், புதிதாக மாறுகண் தெரியும். இது அரிது, ஆனால் 'செரிமானக் கோளாறு' என்ற பெயரில் மாதக்கணக்கில் சிரப் கொடுத்துத் தாமதமாகிறது. ஆகவே மலம் சீரான பிறகும் வாந்தி இரண்டு வாரம் தொடர்ந்தால், நடையைப் பார்க்கவும், கண்ணின் பின்பக்கத்தைக் கருவி வைத்துப் பார்க்கவும் மருத்துவரிடம் கேளுங்கள். தயங்காமல் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் மருத்துவர்கள் பலர் இதைச் செய்வதில்லை.

போகும்போது ஒரு தாளில் இரண்டு வாரக் கணக்கு கொண்டுபோங்கள்: வாந்தி வந்த மணி, அதன் நிறம், மலம் போன நாள், அது கட்டியா இளக்கமா, ஒரே தராசில் வாரம் ஒருமுறை பார்த்த எடை. பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போனானா என்பதையும் எழுதுங்கள். போகவில்லை என்றால் குடல் நரம்புகளில் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்; அதற்குக் குழந்தை அறுவை மருத்துவரிடம் அனுப்புவார்கள்.